அண்டா சாய்க்கும் தாங்கி

"மாடெல்லாம் இல்லக்கா. ஆடுதான்," என்றான் ஜமால்.

பெருமையாகத்தான் சொன்னான். லிங்கிப் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்து மாரியம்மன் கோயில். திருவிழாவுக்கு முதல் நாள் காலை. சமையல் கொட்டகையில் செல்வி அக்கா பூசணிக்காய் வெட்டிக்கொண்டிருந்தார். அவர் மணிக்கட்டில் காப்பு கட்டியிருந்தது. உதவிக்கு உட்கார்ந்திருந்த மற்றப் பெண்களின் கைகளிலும் மஞ்சள் கயிறு. காப்பு கட்டிவிட்டால் திருவிழா முடியும்வரை கறி மீன் கிடையாது. அந்தப் பேச்சைக்கூட எடுக்கமாட்டார்கள்.

கத்தி நின்றது. தேங்காய் துருவும் சத்தம் நின்றது. கூரையில் தொங்கிய காற்றாடி மட்டும் கடகடத்தது.

அவர்கள் நடுவே நாங்கள் இறக்கி வைத்த பொருள் நின்றது. நான்கு கால்கள், நடுவில் ஓர் இரும்பு வளையம், பக்கத்தில் ஒரு கைச்சக்கரம். சோற்று அண்டாவை அந்த வளையத்தில் உட்காரவைத்துச் சக்கரத்தைச் சுற்றினால் அண்டா மெல்லச் சாயும். கஞ்சி வடியும். சாய்க்கும்போது யாரும் கொதிக்கிற அண்டாவைக் கையால் தொட வேண்டியதில்லை.

யாரும் பேசாததைப் பார்த்து, தாங்கி எடை தாங்குமா என்று சந்தேகப்படுகிறார்கள் என ஜமால் நினைத்துக்கொண்டான். இன்னும் விளக்கினான்.

"எங்க அத்தா கடையில ஆட்டுக்கறி அண்டாவ ஏத்தி வச்சி கவுத்துப் பாத்தோம்க்கா. ஒரு சொட்டு கீழ சிந்தல."

நான் சற்றுத் தள்ளி நின்று, என் மகள் யாழினியின் வாயிலிருந்து வேப்பிலையை எடுத்துக்கொண்டிருந்தேன். அவன் சொன்னது காதில் விழுந்தது; அர்த்தமாகச் சற்று நேரம் பிடித்தது. அதற்குள் செல்வி அக்கா கத்தியைக் கீழே வைத்துவிட்டார். அவர் ஜமாலைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"புவனா, இந்தத் தம்பிக்குத் தெரியாது. ஒனக்குமா தெரியாது?"

எடுத்துப் போக வரும்போது

சென்ற வாரம் இந்தப் பத்தியில் யாழினியின் முதல் காய்ச்சலைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு ஒரு வாசகி, 'இத்தனை பயத்தை வைத்துக்கொண்டு எப்படிப் பொறியியல் படித்தாய்?' என்று கேட்டிருந்தார். பயத்தோடுதான் படித்தேன், அக்கா. வேறு வழி எனக்குத் தெரியாது.

மந்தினுக்குப் பக்கத்தில் உள்ள பல்கலைக்கழகத்தில் கடைசி ஆண்டு படிக்கும்போது யாழினி வயிற்றில் வந்தாள். படிப்பை நிறுத்தினேன். அவள் நடக்கத் தொடங்கியதும் திரும்பப் போனேன். எனக்கு மிச்சமிருந்தது ஒரே ஒரு பாடம். வடிவமைப்பும் தொழில்முனைவும் என்று பெயர். இரண்டு பருவம் நடக்கும். அதில் தேறினால் பட்டம். தேறாவிட்டால், படிப்பை முடிக்கப் பல்கலைக்கழகம் எனக்குக் கொடுத்திருந்த அவகாசம் அத்தோடு தீர்ந்துவிடும். மறுபடி அனுமதி கேட்கலாம் என்றார் என் கணவர் சுரேஷ். கேட்கமாட்டேன் என்று எனக்குள் முடிவு செய்திருந்தேன். ஒருமுறை குழந்தையைக் காப்பகத்தில் அழவிட்டுப் போனது போதும்.

அந்தப் பாடத்தில் எழுத்துத் தேர்வு கிடையாது. மூன்று பேர் ஒரு குழு. வெளியே போய், வேலை செய்கிறவர்களைப் பார்த்து, அவர்களுக்கு உண்மையில் தேவைப்படும் ஒன்றைக் கையால் செய்து, அவர்களிடமே கொடுத்துப் பயன்படுத்த வைக்க வேண்டும்.

பாடம் நடத்தியவர் டாக்டர் நோராய்னி. முதல் வகுப்பில் கரும்பலகையில் ஒன்றும் எழுதவில்லை. மேசைமேல் ஏறி உட்கார்ந்துகொண்டு ஒரு விதி சொன்னார். அவர் சொன்னது ஆங்கிலத்தில். எனக்குள் அது தமிழில்தான் தங்கியிருக்கிறது.

நல்லா இருக்கு என்று எல்லாரும் சொல்லிவிடுவார்கள்; அதை நம்பாதீர்கள். வேலை முடிந்ததும் உங்கள் பொருளை எடுத்துப் போக வந்து நில்லுங்கள். அப்போது அவர்கள் 'வச்சிட்டுப் போங்க' என்று சொல்ல வேண்டும். சொன்னால் தேறினீர்கள்.

மற்ற மாணவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. ஒரு தேர்வுத்தாளை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியும். ஒருவரை எப்படி 'வச்சிட்டுப் போ' என்று சொல்லவைப்பது?

பையில் இருந்தவை

என் குழுவில் ஜமாலும் வெய் லிங்கும். இருவரும் என்னைவிட இளையவர்கள். ஜமாலின் அத்தா ராசா என்ற ஊரில் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கிறார். அவன் பேசினால் எதிரில் இருப்பவர் கேட்பார். வெய் லிங் அதிகம் பேசமாட்டாள். ஆனால் அவள் பற்றவைத்த இரும்பில் இணைப்பு கோடு இழுத்தது போல இருக்கும். நான் என்ன செய்தேன் என்று கேட்டால், பயந்தேன். எது உடையும், எது சுடும், எங்கே விரல் மாட்டும் என்று முன்கூட்டியே பயப்படுவது என் பங்கு. குழந்தை வளர்க்கிறவளுக்கு அது தானாக வரும்.

அப்போது என் பையைத் திறந்தால் பட்டறைக் கண்ணாடி, அளவு நாடா, ஈரத்துணிப் பொட்டலம், பாதி கடித்த பிஸ்கட், ஒரு குழந்தை சாக்ஸ். பட்டறைக் காலணி போட்டுக்கொண்டு காப்பகத்துக்கு யாழினியை அழைக்கப் போவேன். அவள் என் முடியை முகர்ந்து பார்த்து முகத்தைச் சுளிப்பாள். பற்றவைக்கும் புகை நாற்றம். வீட்டுக்குப் போய்த் தலைக்குக் குளித்த பிறகுதான் மடியில் வருவாள். ஒவ்வொரு நாளும், நான் செய்வது சரியா என்று அந்தக் குளியலறையில் நின்று யோசித்திருக்கிறேன்.

தாங்கியின் முதல் மாதிரியை அட்டைப்பெட்டியில் செய்தோம். வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்தேன். யாழினி அதற்குள் ஏறி உட்கார்ந்து தூங்கிவிட்டாள். அதைப் படம் எடுத்து அனுப்பினேன். 'எடை தாங்குகிறது' என்று வெய் லிங் பதில் போட்டாள்.

இரண்டாவதைப் பிளாஸ்டிக் தண்ணீர்க்குழாயில் செய்தோம். வெந்நீர் ஊற்றிப் பார்த்தபோது கால்கள் முருங்கைக்காய் போல வளைந்துவிட்டன. டாக்டர் நோராய்னி கைதட்டினார். அவருக்கு எது உடைந்தாலும் சந்தோஷம்.

தூளிக் கொக்கி

இவ்வளவு இருக்க ஏன் அண்டா?

அதற்கு முந்தைய திருவிழாவில் யாழினி கைக்குழந்தை. அவளைத் தோளில் போட்டுக்கொண்டு அதே சமையல் கொட்டகை வாசலில் நின்றேன். சோறு வெந்ததும் இரண்டு ஆண்கள் ஈரச் சாக்கால் அண்டாவின் காதைப் பிடித்துச் சாய்ப்பார்கள். மூன்றாமவர் வடிதட்டை அழுத்திக்கொள்வார். அன்று ஒருவர் கால் வழுக்கியது. விழவில்லை. சமாளித்துக்கொண்டார். ஆனால் கொதிக்கிற கஞ்சி ஒரு வீச்சாக வெளியே வந்து, நான் நின்ற இடத்துக்கு ஒரு முழம் முன்னால் தரையில் விழுந்தது. ஆவி என் முகத்தில் பட்டது. எல்லாரும் சிரித்துவிட்டு வேலையைப் பார்த்தார்கள். நான் வீட்டுக்கு வந்து யாழினியின் கால்விரல்களைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தக் கொட்டகைக்கு வேறொரு கதையும் உண்டு. நான் பிறந்த தோட்டம் அது. தோட்டத்தில் ஆட்கள் நிறைந்திருந்த காலத்தில் அதுதான் ஆயாக் கொட்டகை. தாய்மார்கள் விடியுமுன் பிள்ளைகளை அங்கே விட்டுவிட்டு, வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்களத்துக்கு ஓடுவார்கள். என்னையும் அப்படித்தான் விட்டார்கள். தூளி கட்டிய இரும்புக் கொக்கிகள் உத்திரத்தில் இன்னும் இருக்கின்றன. இப்போது அவற்றில் வாழைத்தார் தொங்குகிறது.

என்னை விட்டுவிட்டுப் போகும்போது என்ன நினைப்பீர்கள் என்று அம்மாவிடம் ஒருமுறை கேட்டேன். அவர் என்னைப்போல இரண்டு மனமாக யோசிக்கிறவர் அல்ல. அந்தத் தெம்பில்தான் கேட்டேன்.

"என்னத்த நெனைக்கிறது? பெரட்டு வரைக்கும் அழுவேன். அப்புறம் வேல வாங்குற மண்டோரு திட்டுவாரு, அதுக்கு அழுவேன். அப்புறம் வேல வந்துரும்."

அந்தப் பதில் எனக்குப் போதுமானதாக இருந்தது. எத்தனையோ காலை, காப்பகத்து வாசலில் அதைச் சொல்லிக்கொண்டே காரை எடுத்திருக்கிறேன்.

எல்லாருக்கும் ஆகும் கறி

இப்போது ஆட்டுக்கு வருகிறேன்.

மூன்றாவது மாதிரி இரும்பில் உருவானது. சக்கரத்துக்குள் ஒரு பற்சக்கரம் வைத்தோம். பாதியில் கையை விட்டாலும் அண்டா சாய்ந்த நிலையில் அப்படியே நிற்கும், கவிழாது. அது என் பயம் கேட்ட வசதி. வெறும் தண்ணீரை ஊற்றிச் சோதித்தாயிற்று. ஆனால் தண்ணீர் வேறு, குழம்பு வேறு. கெட்டியான சாமான் ஒரே பக்கமாகச் சரியும்போது தாங்குமா என்று பார்க்க வேண்டும். அவ்வளவு பெரிய அடுப்பும் அண்டாவும் எங்கே கிடைக்கும்? அத்தா கடை இருக்கே, என்றான் ஜமால்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை ராசாவுக்குப் போனோம். அவன் அத்தா கடைப் பின்கட்டைத் திறந்துவிட்டார். முழு அண்டா ஆட்டுக்கறிக் குழம்பு. வெய் லிங் சக்கரத்தைச் சுற்ற, குழம்பு ஒரு நூலாக வாளிக்குள் இறங்கியது. அத்தா குனிந்து தரையைப் பார்த்தார். ஒரு சொட்டு இல்லை. எங்களுக்கு ஆளுக்கொரு தட்டுச் சோறு போட்டார். நான் அன்று திருப்தியாகச் சாப்பிட்டேன். என் கையிலும் குழம்பு. தாங்கியின் வளையத்திலும் குழம்பு. கொஞ்சம்கூட எனக்குத் தோன்றவில்லை.

ஏன் தோன்றவில்லை என்று பின்னால் பலமுறை யோசித்தேன். எங்கள் வகுப்பில் எந்த விருந்து வைத்தாலும் முதலில் வரும் கேள்வி, எல்லாருக்கும் ஆகுமா என்பதுதான். பன்றி சிலருக்கு ஆகாது. மாடு சிலருக்கு ஆகாது. ஆடும் கோழியும் என்றால் பிரச்சினை இல்லை, எல்லாரும் தட்டை நீட்டலாம். இந்த நாட்டில் சேர்ந்து வாழ்கிறவர்கள் பேசாமலே செய்துகொண்ட ஏற்பாடு அது. அந்தப் பழக்கத்தில்தான் ஜமால் கோயில் கொட்டகையில் நின்று 'மாடெல்லாம் இல்லக்கா' என்றான். இவர்கள் மனம் நோகக்கூடாது என்று பார்த்துப் பார்த்துச் சொன்ன வாக்கியம்.

சோதித்த இடத்தை முதலில் சொல்லுங்கள், அப்போதுதான் நம்புவார்கள் என்பதும் எங்களுக்கு வகுப்பில் கற்றுக்கொடுத்த பாடம்தான்.

ரம்புத்தான் மரத்தடியில்

"நல்லா கழுவிட்டோம்க்கா. சோப்பு போட்டு, சுடுதண்ணி ஊத்தி," என்றான் ஜமால். அவன் முகம் சிறுத்துவிட்டது.

"அழுக்கா இருக்குன்னா சொன்னேன்?" செல்வி அக்கா குரலை உயர்த்தவில்லை. சிரம்பானில் ஒரு தொழிற்சாலையில் மேற்பார்வை பார்க்கிறவர். லீவு போட்டுவிட்டுத் திருவிழாச் சமையலுக்கு வருகிறவர். குரலை உயர்த்தாமலே வேலை வாங்கத் தெரியும். "கழுவுறது வேற, தம்பி. இது வேற."

கொட்டகைக்கு வெளியே, வேலியோரம் இருந்த சின்ன தகரக் கொட்டகையைக் காட்டினார். எனக்குக் காட்டத் தேவையில்லை. சின்ன வயதிலிருந்தே தெரியும். கோயிலுக்கு இரண்டு பாத்திரக்கட்டு உண்டு. அம்மனுக்குச் சமைக்கிறது இங்கே. தோட்டத்து எல்லையில் இருக்கும் முனியாண்டிக்கு ஆடு வெட்டிப் படைக்கிற பாத்திரம் அந்தத் தகரக் கொட்டகையில். கலந்துவிடாமல் இருக்க முனியாண்டிச் சாமான் ஒவ்வொன்றிலும் சிவப்புச் சாயத்தில் ஒரு கோடு போட்டிருப்பார்கள். அண்டாவிலிருந்து கரண்டிக் காம்புவரை. பள்ளிக்கூடம் போகுமுன்பே எனக்குத் தெரிந்த பாடம் அந்தக் கோடு.

மஞ்சள் தண்ணீர் தெளித்துப் பயன்படுத்தலாமே என்று ஒரு பெண் மெதுவாகச் சொன்னார். செல்வி அக்கா மறுத்துத் தலையசைத்தார். "நாளைக்கு யாராவது ஒருத்தருக்குக் காச்சல் வந்தாக்கூட இதத்தான் சொல்லுவாங்க. இந்தப் புள்ளைங்களுக்கு எதுக்கு அந்தப் பேரு?"

அவர் எங்களைத் தள்ளிவைக்கவில்லை, எங்களைக் காப்பாற்றுகிறார் என்பது எனக்குப் புரிந்தது. புரிந்தும் கண் கலங்கியது.

வெய் லிங்குக்கு நான் மலாயில் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டாள். இன்று மாலைக்குள் வேறு ஒன்று செய்ய முடியுமா என்று கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, இரும்பு போதாது என்றாள். மூவருமாகத் தாங்கியைத் தூக்கிப் போய் ரம்புத்தான் மரத்தடியில் வைத்துக் கித்தானால் மூடினோம்.

மறுநாள் திருவிழா. வழக்கம்போல இரண்டு ஆண்கள், ஈரச் சாக்கு, ஒரு வடிதட்டு. நான் யாழினியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு தூரத்தில் நின்றேன். யார் காலும் வழுக்கவில்லை. கஞ்சி ஒழுங்காக வடிந்தது. நாங்கள் இல்லாமலே எல்லாம் நடந்தது. நல்லதுதானே? ஆனாலும் மனத்தின் ஒரு மூலையில், கொஞ்சம், ஒரே ஒரு கரண்டி, யார்மீதும் படாமல் சிந்தியிருக்கலாமே என்று ஒரு நினைப்பு வந்தது. வந்த உடனே வெட்கப்பட்டு, அம்மனைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

கிளம்பும்போது செல்வி அக்கா பொங்கல் பொட்டலத்தோடு கார் வரை வந்தார்.

"அடுத்த ஞாயிறு முனியாண்டிக்குப் படையல். அதுக்கு வேணும்னா கொண்டா. அங்க ஆடுதான் லா."

பின் இருக்கையில் ஜமால் சிரிக்கவில்லை. பெரிய சாலையில் ஏறினோம். பிறகு சொன்னான்.

"எங்க கடைக்குள்ள வெளிச்சட்டி ஒண்ணு வந்தா அத்தா உள்ள விடமாட்டாருக்கா. எது பட்டுச்சோன்னு கேப்பாரு. எனக்குத் தெரிஞ்ச விஷயம்தான். ஆனா ஆடு யாருக்கும் ஆகும்னு நெனச்சேன்."

"நானும்தான்டா," என்றேன்.

டாக்டர் கேட்ட கேள்வி

படையல் ஞாயிற்றுக்கிழமை. எங்கள் செயல்விளக்கமோ அதற்கு முந்தைய புதன்கிழமை. அடுத்த சிக்கல் அது.

மற்றக் குழுக்கள் ஒவ்வொன்றாக மேடை ஏறின. மீன் உலர்த்தும் தட்டு, ஊன்றுகோலில் விளக்கு. 'வச்சிட்டுப் போங்க' என்று சொன்னவர்களின் காணொளியும் போட்டுக் காட்டினார்கள். எங்களிடம் கித்தான் மூடிய ஒரு படம்தான் இருந்தது. முதல் நாள் மாலை சுரேஷ், கடைச் சோதனையை மட்டும் காட்டலாமே, அதுவும் உண்மைதானே என்றார். அதைப் பற்றி நெடுநேரம் யோசித்தேன். பிறகு என்னால் அதை முகத்தை நேராக வைத்துக்கொண்டு சொல்ல முடியாது என்பதாலேயே விட்டுவிட்டேன். இதில் பெரிய நேர்மை ஒன்றும் இல்லை.

நடந்ததை நடந்தபடி சொன்னேன். ஆடு என்ற இடத்தில் அரங்கம் சிரித்தது. ஜமாலும் அப்போதுதான் முதல்முறையாகச் சிரித்தான்.

டாக்டர் நோராய்னி சிரிக்கவில்லை. அவர்கள் மறுத்தது பொருளையா, பொருள் போய்வந்த இடத்தையா என்று கேட்டார். தெரியாது என்றே சொன்னேன். அப்படியானால் உங்கள் சோதனை தோற்கவில்லை, இன்னும் நடக்கவே இல்லை என்றார். திங்கட்கிழமை மதிப்பெண்ணை அனுப்ப வேண்டும். அதற்குள் பதிலோடு வாருங்கள் என்று அடுத்த குழுவை அழைத்தார்.

முனியாண்டி எல்லையில்

ஞாயிறு காலை ஜமால் வரமாட்டேன் என்றான். 'நான் வந்து வாயைத் திறந்தால் மறுபடி ஏதாவது ஆகும், அக்கா, நீங்களே கொண்டுபோங்க' என்று தொலைபேசியில் சொன்னான். சக்கரம் சுற்ற உன்னைவிடப் பழகியவர் யார், வாயைத் திறக்காமல் வா என்றேன். ரம்புத்தான் மரத்தடியில் இருந்த தாங்கியைக் கடை வேனில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டான்.

தோட்டத்து எல்லையில், செம்பனை முடிந்து ஆற்றுப்பக்கம் சரிகிற இடத்தில் முனியாண்டி. தகரக் கூரை, சூலம், சுருட்டுப் புகை. மூன்று கல் அடுப்புகளில் சிவப்புக் கோடு போட்ட அண்டாக்கள். அன்று யார் கையிலும் காப்பு இல்லை. பேச்சும் கேலியும் முந்தைய வாரத்தைவிட உரக்க இருந்தன. ஜமாலைப் பார்த்ததும் ஒருவர், "வாங்க ஆட்டுக்கறி இன்ஜினியர்," என்றார். அவன் காது சிவந்தது. ஆனால் அந்தப் பெயரோடு அவன் அங்கே ஓர் ஆளாகிவிட்டான்.

சோறு வெந்தது. நான்கு பேர் சேர்ந்து மூங்கில் கொடுத்துத் தூக்கி அண்டாவை வளையத்தில் ஏற்றி, வாயில் வடிதட்டைக் கட்டினார்கள். செல்வி அக்கா சக்கரத்தைப் பார்த்தார்.

"பாதியில கைய விட்டா?"

"விழாதுக்கா."

"நீ விடு, பாப்போம்."

நான் யாழினியைத் தூக்கிக்கொண்டு நன்றாகப் பின்னால் போய்விட்டேன். கணக்கெல்லாம் சரி. நூறு முறை பார்த்தாயிற்று. இருந்தாலும் அவளுடைய இரண்டு கால்களையும் என் கைக்குள் சுருட்டிக்கொண்டேன். ஜமால் சக்கரத்தைச் சுற்றினான். அண்டா சாய்ந்தது. கஞ்சி வாளிக்குள் இறங்கத் தொடங்கியது. அவன் கையை எடுத்துவிட்டு இரண்டடி தள்ளி நின்றான்.

அண்டா அப்படியே நின்றது. கஞ்சி மட்டும் அதே அளவில் வடிந்துகொண்டிருந்தது.

செல்வி அக்கா முந்தானையைச் செருகிக்கொண்டு தானே சக்கரத்தைப் பிடித்தார். அடுத்த அண்டாவை அவர் ஒருவராகவே சாய்த்தார். அப்போது அவர் பக்கத்திலிருந்தவரோடு மகளின் கல்யாண மண்டபத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். பேச்சு நிற்கவே இல்லை. சிந்துமோ என்று ஒருமுறைகூட வாளியைக் குனிந்து பார்க்கவில்லை.

குறை இல்லாமல் இல்லை. அடுப்புச் சூட்டில் சக்கரத்தின் பிடி போகப்போகக் கையைச் சுட்டது. ஒரு பெண் ஈரத் துண்டைக் கிழித்து அதில் சுற்றினார். வெய் லிங் அதைப் படம் எடுத்துக்கொண்டாள். எது சுடும் என்று பயப்படுவது என் பங்கு என்றேனே, அந்தப் பிடியை நான் கவனிக்காமல் விட்டுவிட்டேன்.

சாப்பாட்டு நேரத்தில் ஜமால் வேனுக்குள் போய் உட்கார்ந்துகொண்டான். படையல் சோறு அவனுக்கு ஆகாது. மறுத்தால் இவர்களுக்குச் சங்கடம் என்று ஒதுங்கிவிட்டான். செல்வி அக்கா தேடிக்கொண்டு போனார். கையில் பிரிக்காத ரொட்டிப் பொட்டலம், ஒரு சீப்பு வாழைப்பழம், காகிதக் குவளையில் தேநீர்.

"புதுக் குவளதான். கடைத் தேத்தண்ணி. இங்க உள்ளது எதுவும் படல. நம்பலாம், தம்பி."

அவன் வேனிலிருந்து இறங்கி நின்று இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான்.

தகரக் கொட்டகை

வெயில் சாய்ந்தது. சுரேஷ் வந்து யாழினியை வீட்டுக்குக் கூட்டிப்போனார். வாழை இலைகளைக் கூட்டி எரித்தார்கள். யாரும் எங்களிடம் நல்லா இருக்கு என்றுகூடச் சொல்லவில்லை. நான் மூன்று முறை அந்தப் பக்கமாக நடந்து பார்த்தேன். யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. கேட்டு வாங்கலாமா? கேட்டு வாங்கினால் அது செல்லுமா? டாக்டரின் விதி எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. எடுத்துப் போக வந்து நிற்க வேண்டும். சரி, நிற்போம் என்று இருவரையும் அழைத்துக்கொண்டு போனேன்.

அடுப்படியில் தாங்கி இல்லை.

பாத்திரங்களைக் கழுவி லாரியில் கோயிலுக்கு அனுப்பிவிட்டதாகச் சொன்னார்கள். கோயிலுக்குப் போனோம். வேலியோரத் தகரக் கொட்டகை திறந்திருந்தது. உள்ளே கவிழ்த்து வைத்த அண்டாக்கள், கரண்டிகள். அவற்றுக்கு நடுவே எங்கள் தாங்கி, சொட்டுச் சொட்டாக நீர் வடிய நின்றது. ஜமால் வேனைக் கொட்டகைப் பக்கம் ஓட்டிக்கொண்டுவரப் போனான்.

வெய் லிங் குனிந்தாள். அவள் பார்த்துப் பார்த்து அடித்த சாம்பல் வண்ணத்தை யாரோ கெடுத்துவிட்டார்கள் என்று மலாயில் முணுமுணுத்தாள். தாங்கியின் முன்காலைக் காட்டினாள்.

விரலகலத்தில் ஒரு சிவப்புக் கோடு.

தொட்டுப் பார்த்தேன். சாயம் இன்னும் காயவில்லை.

ஜமால் வந்து தாங்கியின் ஒரு பக்கத்தைப் பிடித்தான். "தூக்கவா, அக்கா?"

"எங்க தூக்குற?" பின்னாலிருந்து செல்வி அக்காவின் குரல். கையில் சாய டப்பாவும் தூரிகையும். "அது முனியாண்டி சாமான்." தூரிகையைத் துடைத்துக்கொண்டே தொடர்ந்தார். "அம்மனுக்கு இன்னொண்ணு பண்ணுங்க, அடுத்த திருவிழாவுக்குள்ள. பிடிக்கு மரம் வைங்க, இது சுடுது. அந்தப் புதுச மட்டும் ஒங்க கடைப்பக்கம் கொண்டு போயிராத, தம்பி."

ஜமால் கையை எடுத்துவிட்டான்.

டாக்டருக்கு அனுப்பக் காணொளி ஒன்றும் இல்லை. தாங்கியின் அந்தக் காலைப் படம் எடுத்து, அந்தக் கோட்டுக்கு என்ன அர்த்தம் என்று இரண்டு வரி எழுதி அனுப்பினேன். வீட்டுக்கு வந்து கதவைத் திறந்ததும் யாழினி கையை நீட்டினாள். என் விரலில் சிவப்பு ஒட்டியிருந்தது. முடியில் விறகுப் புகையும் கறியும் மணத்திருக்கும். குளித்துவிட்டு வருகிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் மடியில் ஏறிவிட்டாள்.